வரிசை போய்வந்த வழி

லப்பைக்குடிக்காட்டில் நண்பர் வீட்டில் ஒரு மாலை. கூடத்தில் நன்னி (பாட்டி) கைப்பேசியை முகத்துக்கு அருகே பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறார். துபாயிலிருந்து மகன் பேசுகிறார். திரையில் முகம் அசையாமல் நிற்கிறது. குரல் துண்டு துண்டாக விழுகிறது. 'சாப்' என்று கேட்கிறது. 'டீங்களா' வந்து சேரவில்லை. பக்கத்து அறையில் பேரன் பெரிய விளையாட்டு ஒன்றை இறக்கிக்கொண்டிருக்கிறான்.

"ஒங்கத்தா பேசி முடிக்கட்டும்டா. முறை வச்சுப் பாக்கக் கூடாதா?"

"நெட்டுக்கு அதெல்லாம் தெரியாது நன்னி. அதுக்கு எல்லாரும் ஒண்ணுதான்."

நன்னி வாயில் வந்தது 'முறை' என்ற பழஞ்சொல். பேரன் சொன்னது இணையம் பிறந்தபோதே அதனுடன் பிறந்த கொள்கை. இந்த வழக்கைத் தீர்க்க வேண்டுமானால் இன்னொரு சொல்லைச் சாட்சிக்கு அழைக்க வேண்டும். அந்தச் சொல் 'வரிசை'.

முதலில் ஊரின் பெயர். வெள்ளாற்றின் தென்கரையில், பெரம்பலூர் மாவட்டம் குன்னம் வட்டத்தில் உள்ள பேரூராட்சி இது. ஆற்றைத் தாண்டினால் கடலூர் மாவட்டம். 'குடிக்காடு' என்று முடியும் பெயர்கள் சோழநாட்டுப் பக்கம் புதியவை அல்ல. ஒரத்தநாட்டுப் பகுதியில் பொய்யுண்டார்குடிக்காடு இருக்கிறது. 'காட்டுக்குப் போறேன்' என்று இங்கே ஒருவர் சொன்னால், பருத்தியோ மக்காச்சோளமோ விளையும் புன்செய்க்குப் போகிறார் என்று பொருள். குடிகள் திருத்தி எடுத்த காடு குடிக்காடு. லப்பை என்பது தமிழ் முஸ்லிம்களில் ஒரு பிரிவினரின் பெயர். 'அரபி' என்பதன் திரிபு என்பார் உண்டு. 'லப்பைக்' என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்தது என்பாரும் உண்டு. ஹஜ்ஜுக்குப் போனவர்கள் ஓயாமல் சொல்லும் சொல் அது: அழைத்தாய், இதோ வந்தேன். எனக்கு இந்த இரண்டாவது விளக்கத்தின்மேல் ஒரு சாய்வு. வளைகுடாவுக்குப் போய்ச் சம்பாதிப்போர் நிறைந்த ஊரின் பெயருக்குள் ஓர் அழைப்பும் பதிலும் இருப்பது பொருத்தம்தானே.

இப்போது அந்த அறுந்த குரலுக்கு வருவோம். துபாய்க்கும் சென்னைக்கும் நேர்கோட்டில் சுமார் 3,000 கிலோமீட்டர். கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்கு ஏறக்குறைய 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். கடலடிக் கேபிள் இருமடங்கு சுற்றி வந்தாலும் குரல் கரை சேர 30 மில்லிநொடி போதும். ஒருவழித் தாமதம் 150 மில்லிநொடிக்குள் இருந்தால் பேச்சு இயல்பாக இருக்கும் என்கிறது பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம். ஆக, 120 மில்லிநொடி கையில் மிச்சம் இருக்கிறது. அதையும் தின்று தீர்ப்பது ஓட்டம் இல்லை, காத்திருப்பு. குரல் பெரும்பாலும் 20 மில்லிநொடிக்கு ஒரு சிறு பொதியாக வெட்டி அனுப்பப்படுகிறது. வழியில் பொதிகளைத் திசை பிரித்து அனுப்பும் ஒவ்வொரு சுவிட்சிலும், திசைவியிலும், கடைசியாக வீட்டு மோடத்துக்கு முன்னாலும் அந்தப் பொதி யாரோ ஒருவருடைய பெரும்பொதிகளுக்குப் பின்னால் நிற்கிறது. அப்படி நிற்பதற்குத்தான் இன்று வரிசை என்கிறோம்.

ஆங்கிலத்தில் அதற்குக் 'கியூ' என்று பெயர். லத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்த அந்தச் சொல்லுக்கு வால் என்று பொருள். தலை ஒரு பக்கம், வால் ஒரு பக்கம். நடுவில் நிற்பவரின் தகுதி பற்றி அதற்குப் பேச்சில்லை. தமிழ்ச் சொல்லின் வளர்ப்பு வேறு. கோடு என்னும் பொருளுள்ள 'வரி'யோடு அதற்கு உறவு தெரிகிறது. பல்வரிசை, அகரவரிசை, பாட்டு படிக்கும் பிள்ளையின் சரளிவரிசை, அடிமுறைக்காரரின் குத்துவரிசை எல்லாம் ஒழுங்கு என்ற பொருளில் நிற்பவை. ஆனால் கல்யாண வீட்டில் "மாமன் வரிசை வந்தாச்சா?" என்று கேட்பவர் கோட்டையோ ஒழுங்கையோ நினைப்பதில்லை. தட்டுகளில் வரும் பட்டும் பழமும் நகையும்தான் அங்கே வரிசை. யாருக்கு எது தகும் என்ற கணக்கு அந்தத் தட்டுகளில் இருக்கிறது. சொல்லின் பழைய உயிர் அங்கேதான் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அந்த உயிரை நேராகப் பார்க்கப் புறநானூற்றின் 121ஆம் பாட்டுக்குப் போக வேண்டும். வெள்ளாற்றுக்கு வடக்கே, தென்பெண்ணைக் கரையில் திருக்கோவலூரை ஆண்ட மலையமான் திருமுடிக்காரிக்குக் கபிலர் சொன்னது. கொடுக்கிறவன் ஒருவன் ஒரு திசையில் இருந்தால் நான்கு திசையிலிருந்தும் பரிசில் கேட்டு வருவார்கள் என்று தொடங்குகிறார். அள்ளிக் கொடுப்பது எளிது. வந்தவர்களின் வரிசையை அறிவதுதான் கடினம் என்கிறார். அதனால் புலவர்களை எல்லாரையும்போல் பொதுவாகப் பார்ப்பதை விட்டுவிடு என்று முடிக்கிறார். அங்கே வரிசை என்றால் தகுதி, தரம். பொதுநோக்குக்கு எதிர்ச்சொல். சுற்றந்தழால் அதிகாரத்தில் வள்ளுவரும் இந்த இரண்டையும் இப்படித்தான் எதிரெதிரே நிறுத்துகிறார் (குறள் 528).

பேரன் சொன்ன 'எல்லாரும் ஒண்ணுதான்' என்பது கபிலர் கைவிடச் சொன்ன பொதுநோக்கு. சங்க காலத்திலேயே சுவிட்சு இருந்தது என்று நிறுவ நான் வரவில்லை. நான்கு திசையிலிருந்து வருவோர் ஒரே வாசலில் முட்டும்போது எழும் சிக்கலுக்கு அன்றே தமிழில் ஒரு பெயர் இருந்தது. சொல்ல வருவது அவ்வளவே.

அந்தப் பெயர் பின்னர் எப்படி வாலாக மாறியது? தகுதி என்றிருந்த வரிசை, தகுதிக்குக் கொடுக்கும் சிறப்பு என்றானது. பிறகு அந்தச் சிறப்பைக் கொடுக்கும் அடுக்கு என்றானது. கோயிலில் முதல் மரியாதை யாருக்கு, அடுத்து யாருக்கு என்ற அடுக்கு. அங்கே தகுதியை அளந்தது பெரும்பாலும் பிறப்பு. அந்த வரிசைக்காக ஊர்கள் பிளந்ததும் தேர் நிலைக்கு வராமல் நின்றதும் நமக்குத் தெரிந்த கதைகள். சினிமா டிக்கெட் கொடுக்கும் இடத்திலும் ரேஷன் கடையிலும் "வரிசையில வாங்க" என்ற குரல் எழுந்தபோது சொல் தலைகீழாகப் புரண்டது. யாராக இருந்தாலும் வந்த நேரம்தான் கணக்கு. கபிலரின் வரிசை ஆளைப் பார்த்தது. ரேஷன் கடை வரிசை ஆளைப் பார்க்க மறுத்தது. அகராதிக்காரருக்கு இது பொருட்குறுகல். பண்ணையாருக்கு முன்னால் நின்று மண்ணெண்ணெய் வாங்கியவருக்கு இது விடுதலை.

கணினி வலைகளும் இந்த ரேஷன் கடை வரிசையோடுதான் தொடங்கின. முதலில் வந்த பொதி முதலில் போகும். 1985இல் ஜான் நேகல் என்ற பொறியாளர் ஒரு குறிப்பு எழுதினார். எவ்வளவு பொதி வந்தாலும் தாங்கும் சுவிட்சு ஒன்றைக் கற்பனை செய்துகொண்டு, அதிலும் நெரிசல் தீராது என்று காட்டினார். ஒரே வால் இருக்கும்வரை, அதிகப் பொதியைத் திணிப்பவருக்கே அதிகப் பங்கு. அடக்கமாக அனுப்புகிறவர் தோற்பார். ரேஷன் கடையில் ஒரே வீட்டார் பத்துப் பேர் முன்கூட்டியே வந்து நின்றுகொண்டால் என்ன ஆகுமோ அதுதான். அவர் சொன்ன மாற்று: அனுப்புவோர் ஒவ்வொருவருக்கும் தனித்தனி வரிசை வை, வரிசைக்கு ஒரு பொதியாகச் சுற்றி வந்து எடு.

சுற்றி வந்து எடுப்பதற்கு ஆங்கிலத்தில் 'ரவுண்டு ராபின்' என்று பெயர். இந்தப் பெயரின் வரலாறு ஒரு விருந்து. கப்பல் மாலுமிகள் தலைவனிடம் குறை சொல்லி எழுதும் மனுவில் வட்டமாகக் கையெழுத்துப் போடுவார்கள். முதலில் போட்டவர் யார் என்று கண்டுபிடித்துத் தண்டிக்க முடியாது. அந்த வட்ட மனுவுக்கு வழங்கிய பெயர்தான் பின்னாளில் சுற்று முறைக்கு ஆனது. மனு கொடுப்பதைத் தமிழில் 'முறையிடுதல்' என்கிறோம். சுற்றுக்கும் 'முறை' என்கிறோம். ஆங்கிலத்தில் மாலுமிகளின் தந்திரத்தால் சேர்ந்த இரண்டு பொருள்கள் தமிழில் ஒரே சொல்லுக்குள் எப்போதோ கூடிவிட்டன.

நன்னியின் சொல் அதுதான். முறை என்றால் நீதி; முறை தவறி ஆள்பவன் நாட்டில் மழை பெய்யாது என்கிறது 559ஆம் குறள். முறை என்றால் இயற்கையின் ஒழுங்கு. ஆற்றோடு போகும் தெப்பம்போல உயிர் முறையோடு போகும் என்றார் கணியன் பூங்குன்றனார். முறை என்றால் தடவை. ஒட்டுக்குடித்தன வீடுகளில் வாசல் தெளிப்பது முறைவாசல். ஆற்றில் நீர் குறைந்த ஆண்டில் கால்வாய்க்கு இத்தனை நாள் என்று திறந்துவிடுவது முறைப்பாசனம். தொழுதூரில் வெள்ளாற்றுத் தண்ணீரை மறித்து வெலிங்டன் ஏரிக்குத் திருப்பும் இந்தப் பகுதியில் அதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. முறை எங்கே வந்தாலும் பக்கத்தில் தண்ணீரும் வந்துவிடுவதைக் கவனியுங்கள். போதாமல் போகக்கூடிய ஒன்றைப் பங்கிடும்போது பிறந்த சொல்போல அது நடந்துகொள்கிறது.

ஆனால் வெறும் சுற்றும் நீதியாகிவிடாது. வாய்க்கால் ஒன்றுக்கு ஒரு திறப்பு என்றால், பெரிய மடைக்காரருக்கு ஒரே திறப்பில் அதிக நீர் போய்விடும். பொதிகளும் அப்படியே, ஒருவருடையது 64 பைட், இன்னொருவருடையது 1,500 பைட். 1989இல் ஆலன் டெமர்ஸ், ஸ்காட் ஷெங்கர், டெல்லி ஐ.ஐ.டி.யில் படித்த சீனிவாசன் கேசவ் ஆகிய மூவரும் சேர்ந்து இதற்கு வழி சொன்னார்கள். ஒவ்வொரு வரிசையிலிருந்தும் ஒரு பிட்டாக எடுத்தால் எந்தப் பொதி எப்போது முடியும் என்று மனக்கணக்குப் போடு. முதலில் முடியக்கூடியதை முதலில் அனுப்பு. ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு எடையைச் சேர்த்தால், இவருக்கு இரண்டு பங்கு, அவருக்கு ஒரு பங்கு என்று பிரிக்கலாம். கணக்கு நேர்மையானது, ஆனால் விரைவுச் சுவிட்சுக்குப் பாரம். 1995இல் சிரீதரும் ஜார்ஜ் வர்கீசும் எளிய வழியைக் கொடுத்தார்கள். மளிகைக் கடைப் பற்று நோட்டு மாதிரி: ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொரு வரிசைக்கும் இவ்வளவு பைட் என்று வரவு வை, பொதி அதைவிடப் பெரிதாக இருந்தால் பாக்கியை அடுத்த சுற்றுக்குத் தள்ளு.

பாரம் என்றால் எவ்வளவு? நொடிக்கு 100 கிகாபிட் ஓடும் ஒரு வாசலில் 1,500 பைட் பொதி கடந்துபோக 120 நானோநொடி ஆகும். மாத்திரைக்கு அளவாகத் தொல்காப்பியம் கண்ணிமையைச் சொல்கிறது. ஒரு கண்ணிமையைப் பத்தில் ஒரு நொடி என்று வைத்துக்கொண்டால், அதற்குள் 8 லட்சத்துக்கும் மேல் பொதிகள் அந்த ஒரு வாசலைக் கடக்கலாம். ஒவ்வொன்றுக்கும் வரிசை பார்த்தாக வேண்டும்.

அதைவிடப் பெரிய சிக்கல் சுவிட்சின் வயிற்றுக்குள் இருக்கிறது. லப்பைக்குடிக்காட்டுக்காரர்களுக்கு அதைச் சொல்லத் திருமாந்துறைச் சுங்கச்சாவடி போதும். தடத்தின் தலைப்பில் நிற்கும் வண்டி பக்கச் சாலைக்குத் திரும்பக் காத்திருக்கிறது என்று வையுங்கள். பின்னால் நிற்பவர் நேரே திருச்சிக்குப் போகிறவர். அவருடைய பாதை காலி. ஆனாலும் அசைய முடியாது. நுழைவாசலுக்கு ஒரே வரிசை வைத்த பெரிய சுவிட்சுகளில் இந்தத் தலைமறிப்பால் கொள்ளளவில் 58.6 விழுக்காடுதான் பயன்படும் என்று 1987இல் கரோலும் கூட்டாளிகளும் கணக்கிட்டார்கள். மருந்து: நுழைவாசல் ஒவ்வொன்றிலும், வெளிவாசல் ஒவ்வொன்றுக்கும் தனி வரிசை.

உடனே வேறொரு சிக்கல் முளைத்தது. ஒரு நொடித்துளியில் ஒரு நுழைவாசல் ஒரு வெளிவாசலோடு மட்டுமே இணைய முடியும். யாரை யாரோடு சேர்ப்பது? பொறியாளர்கள் இதைக் கல்யாணப் பொருத்தமாகவே பார்த்தார்கள். 1993இல் வந்த ஒரு முறையில் வெளிவாசல்கள் குடவோலை எடுப்பதுபோலக் கண்ணை மூடிக்கொண்டு ஒருவரைத் தேர்ந்தன. நிக் மெக்கியோனின் 'ஐஸ்லிப்' குடவோலையை விட்டுவிட்டு முறைக்கு வந்தது. சென்ற தடவை யாருக்குக் கொடுத்தோம் என்று நினைவு வைத்து அடுத்தவரிடம் நகர்ந்தது. நீளமான வரிசைக்கு எடை கூட்டிப் பொருத்தினால் கொள்ளளவு முழுவதையும் பயன்படுத்தலாம் என்று நிறுவிய குழுவில் சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த வெங்கட் அனந்தராம் இருந்தார். 1999இல் மெக்கியோன், பாலாஜி பிரபாகர் உள்ளிட்ட நால்வர், சுவிட்சின் உள்வேகத்தை இரண்டு மடங்காக்கி, 1962இல் கேலும் ஷாப்லியும் எழுதிய 'நிலையான மணம்' கணக்கின்படி பொருத்தினால், தடையில்லாச் சுவிட்சு ஒவ்வொரு பொதியையும் எந்த நேரத்தில் விடுமோ அதே நேரத்தில் விடலாம் என்று நிறுவினார்கள். மாமன் வரிசையும் முறைமாப்பிள்ளையும் உலவும் மண்டபத்துக்கே சொல் திரும்பி வந்துவிட்டது.

இனி உத்தரவாதம். உன் குரல் இத்தனை மில்லிநொடிக்குள் போய்ச் சேரும் என்று ஒரு வலை வாக்குக் கொடுக்க முடியுமா? முடியும் என்று 1993இல் அபய் பரேக்கும் ராபர்ட் காலகரும் கணக்கோடு காட்டினார்கள். ஒரு நிபந்தனை: அனுப்புகிறவரும் அளவோடு அனுப்ப வேண்டும். இதைப் பாண்டியன் அறிவுடை நம்பிக்குப் பிசிராந்தையார் வேறு மொழியில் சொன்னார் (புறநானூறு 184). விளைந்த நெல்லை அறுத்துக் கவளமாக்கிக் கொடுத்தால் சிறு துண்டு நிலமும் யானைக்குப் பல நாள் வரும். யானையே வயலில் இறங்கினால் வாய் தின்பதைவிடக் கால் மிதிப்பது அதிகம். வலைப்பொறியாளர்களும் பெருஞ்சுமை ஓட்டத்தை 'யானை' என்றுதான் சொல்கிறார்கள். சிறியதை 'எலி' என்கிறார்கள். யானைக்குக் கவளம் கட்டுவதுதான் அவர்கள் தொழிலில் பாதி. அதே பாட்டில், குடிகளைக் கசக்கி வரி பறிக்கும் சுற்றத்தாருக்குப் பிசிராந்தையார் கொடுத்த அடைமொழி, வரிசை அறியாதவர்கள் என்பது.

வரிசை அறிய அடையாளம் வேண்டும். காவிரிப்பூம்பட்டினத்துச் சுங்கத்தார் பொதிகளில் புலிச்சின்னம் பொறித்ததைப் பட்டினப்பாலை சொல்கிறது. இணையப் பொதியின் தலைப்பில் 1981லிருந்தே அதற்கு இடம் ஒதுக்கப்பட்டிருந்தது. 1998இல் அதில் 6 பிட்டை எடுத்து 64 குறிகளுக்கு வழி செய்தார்கள். குரலுக்கு வழக்கமாகப் போடுவது 46ஆம் குறி. ஆனால் ஒரு வலையின் முத்திரையை அடுத்த வலை மதிக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. துபாயில் குத்திய குறி திருச்சிக்கு வருவதற்குள் அழிந்துபோகலாம்.

இங்கேதான் கோயில் மரியாதைக் கதை மறுபடி எட்டிப்பார்க்கிறது. குறி போடுவது யார்? குரல் பொறுக்காது, கோப்பு பொறுக்கும் என்று பொதியின் இயல்பைப் பார்த்துப் போட்டால் அது கபிலரின் வரிசை. காசு கொடுத்த நிறுவனத்தின் பொதிக்கு முன்னிடம் என்று போட்டால் அது பண்ணையாரின் வரிசை. 2016 பிப்ரவரி 8 அன்று இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம், உள்ளடக்கத்தைப் பார்த்துக் கட்டணத்தில் பாகுபாடு காட்டக் கூடாது என்று விதித்தது. கட்டணத்தைப் பற்றிய விதிதான். ஆனால் அதை ஒட்டி நடந்த வாதத்தின் இருபுறமும் நின்று பேசியது இந்த ஒரே சொல்லின் இரண்டு பொருள்கள்தாம்.

ஆளைப் பார்க்காமல் தகுதியை மட்டும் பார்க்க வழி உண்டா? 2018இல் இணையத் தரக்குழு வெளியிட்ட ஒரு வரிசை முறை அதற்கு அருகில் வருகிறது. முத்திரையைப் பார்ப்பதில்லை. ஓட்டங்களைத் தனித்தனியாகப் பிரிக்கிறது. எந்த ஓட்டம் தன் வரிசையில் மூட்டை சேர்க்காமல் அவ்வப்போது ஒரு சிறு பொதியோடு வந்து போகிறதோ, அதை முன்னால் விடுகிறது. குவித்து நிற்பவர் பின்னால் போகிறார். பொதியின் நடத்தைதான் அங்கே வரிசை.

நண்பர் வீட்டு மோடத்தின் அமைப்புப் பக்கத்தில் அப்படியொரு வசதி இருந்தது. யாரும் திறந்து பார்த்ததில்லை. மொத்த வேகத்தைச் சற்றே குறைத்து வைத்து அதைத் திறந்துவிட்டோம். பேரன் இறக்கத்தை நிறுத்தவில்லை; அவனுடைய விளையாட்டு வந்துசேரச் சில நிமிடம் கூடுதலாக ஆகியிருக்கும். துபாயிலிருந்து மறுபடி அழைப்பு வந்தது.

"சாப்டீங்களாம்மா?"

முழுச் சொல்லாக வந்தது. நன்னி திரையைத் துடைத்துவிட்டுக்கொண்டு, "இதோ இருக்கேன், சொல்லுத்தா" என்றார்.